லெம்பெர்கருக்கு ஏற்ற தட்டு: ஏழு பாட்டில், மூன்றரை மாதம்

போன சனிக்கிழமை கீழ்வீட்டுத் தாத்தா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தட்டில் ஒட்டியிருந்த சாற்றை ரொட்டித் துண்டால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் பாஸ் என்று பாட்டி முன்பே என் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். லெம்பெர்கர் என்கிற சிவப்பு ஒயினோடு என்ன சாப்பிட்டால் பொருந்தும் என்று அக்டோபரில் தேடத் தொடங்கிய வேலை ஜனவரி கடைசியில் ஒருவழியாக முடிந்தது. நடுவில் ஏழு பாட்டில் ஒயின், இரண்டரைக் கிலோ கறி, மேல்பூச்சு போன ஒரு இரும்பு வாணலி. மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஹைல்பிரோனில். நெக்கார் ஆற்றங்கரை ஊர். ஊரை விட்டு வெளியே வந்தால் சரிவெல்லாம் திராட்சைக் கொடிதான். தாத்தாவின் தம்பிக்கு வைன்ஸ்பெர்க் பக்கம் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. அக்டோபர் முதல் வாரம், அறுவடைக்கு ஆள் குறைகிறது, ஒரு சனிக்கிழமை வருகிறாயா என்று தாத்தா கேட்டார். போனேன். வெட்டியது லெம்பெர்கர் என்ற கறுப்புத் திராட்சை. பழுக்க நாள் எடுத்துக்கொள்ளும் ரகம். ஆஸ்திரியாக்காரர்கள் இதையே பிளவ்ஃப்ரேங்கிஷ் என்கிறார்கள். ஜெர்மனியில் இது பயிராவது பெரும்பாலும் எங்கள் வூர்ட்டம்பெர்க் வட்டாரத்தில்தான். ஆளுக்கு ஒரு சின்னக் கத்தரி, ஒரு வாளி. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரை சரிவில் ஒரு முழங்காலை மடக்கி, இன்னொரு காலை ஊன்றி நிற்க வேண்டும். பதினோரு மணிக்குள் இடது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டேன். கொத்தைத் தாங்கிப் பிடிக்கிற கை அது என்பதால் புதிதாக வருகிற எல்லோருக்கும் அந்த விரலில்தான் வெட்டு விழுமாம். தாத்தா சட்டைப் பையிலேயே பிளாஸ்டர் வைத்திருந்தார்.

கூலியாகக் கிடைத்தது ஒரு பாட்டில். லேபிள் கிடையாது. வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, பென்சிலால் 2018 என்றும், பக்கத்தில் லெம்பெர்கர், ட்ரோக்கன் என்றும் எழுதியிருந்தது. ட்ரோக்கன் என்றால் இனிப்பில்லாதது. “இதைச் சும்மா குடித்துத் தீர்த்துவிடாதே. இதோடு என்ன சாப்பிடலாம் என்று பார். சரியாக வந்ததும் எங்களைக் கூப்பிடு” என்றார் தாத்தா. சரி, ஒரு வாரத்து வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

என் நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நான் வளர்ந்தது மதுரையில். எங்கள் தெருவில் ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அத்தை திராட்சையையும் சர்க்கரையையும் கிராம்பையும் ஜாடியில் ஊறப்போட்டு, வடிகட்டி, சின்ன டம்ளரில் தருவாரே, அதுதான். சர்பத்துக்குக் கொஞ்சம் கோபம் வந்தது போல இருக்கும். சிவப்பு ஒயின் என்றாலே அந்த இனிப்பைத்தான் என் நாக்கு எதிர்பார்க்கும்.

அதனால் முதல் பாட்டிலிலேயே தப்பு. பரிசுப் பாட்டிலை அலமாரியில் படுக்க வைத்துவிட்டு, பழகிப் பார்க்க சூப்பர் மார்க்கெட்டில் 4.79 யூரோவுக்கு ஒரு லெம்பெர்கர் வாங்கினேன். லேபிளில் லெம்பெர்கர், வட்டாரம், ஆண்டு எல்லாம் இருந்தன. இனிப்பா இல்லையா என்று மட்டும் ஒரு சொல்லும் இல்லை. ரகம் ஒன்றாக இருந்தால் ருசியும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். குடித்தால் ஜாம் போல இருந்தது, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் மாடிப்படியில் தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வாய் குடித்துப் பார்த்து, “இது என்னுடைய பாட்டி அந்தக் காலத்தில் மத்தியானத்தில் கேக்கோடு குடித்தது” என்றார்.

ஜெர்மனியில் சாதாரண ஒயின் பாட்டிலில் இனிப்பு அளவைக் குறிக்கும் சொல்லைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. போட விரும்பினால் போடலாம். ட்ரோக்கன் என்று போட்டுவிட்டால்தான் சட்டம் குறுக்கே வரும். அப்போது லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 கிராம் வரை போகலாம், ஆனால் சர்க்கரை புளிப்பைவிட 2 கிராமுக்கு மேல் கூடி இருக்கக் கூடாது. அதற்கு அடுத்த படி ஹால்ப்ட்ரோக்கன், அரை இனிப்பு. ஃபைன்ஹெர்ப் என்றும் ஒரு சொல் பார்க்கலாம், அதற்குச் சட்டத்தில் அளவே இல்லை. ஆக, ட்ரோக்கன் என்ற சொல் கண்ணில் பட்டால்தான் பாட்டிலைக் கூடையில் போட வேண்டும். நான் 4.79 யூரோ கொடுத்துப் படித்த பாடம் இது.

அடுத்த பாட்டிலைத் தோட்டக்காரர் ஒருவரிடம் நேரே போய் வாங்கினேன். 8.50 யூரோ. நேரே வாங்கினால் கேட்ட உடனே விவரத்தாள் தருகிறார்கள்: ஆல்கஹால் 13 சதவீதம், மீதமுள்ள சர்க்கரை லிட்டருக்கு 5.8 கிராம், புளிப்பு 5.3 கிராம். சர்க்கரை நாலைத் தாண்டினாலும் மேலே சொன்ன கணக்குப்படி இது ட்ரோக்கன்தான். தோலோடு புளிக்க வைத்ததா, சூடாக்கியதா என்றும் கேட்கச் சொல்லியிருந்தார் தாத்தா. இந்த வட்டாரத்தில் நசுக்கிய திராட்சையைச் சூடாக்கி, நிறத்தை இறக்கிக்கொண்டு, தோலைப் பிழிந்து எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் புளிக்க விடுகிற முறை வெகுகாலமாக உண்டு. நிறம் ஏறும், பழ வாசனை வரும், துவர்ப்பு வராது. தோல், கொட்டை எல்லாவற்றோடும் நாள்கணக்கில் புளித்தால் துவர்ப்பு ஏறும். நான் வாங்கியது இரண்டாவது ரகம்.

துவர்ப்பு என்ற சொல் நமக்கு வாய்த்தது நல்லதாகப் போயிற்று. என் அலுவலக ஜெர்மன்காரர்கள் இதை விளக்க, நாக்கு உரோமம் முளைத்தது போல என்று என்னென்னவோ சொல்வார்கள். நாவற்பழம் தின்ற பிறகு நாக்கு இழுக்கிறதே, வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் வாய் வறண்டு போகிறதே, அதே சங்கதி. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏங்க, இது பாக்குத் தண்ணி மாதிரில்ல இருக்கு” என்றாள். அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. அதற்கு மேல் கறுப்புச் செர்ரி வாசனை, கொஞ்சம் மிளகு, நல்ல புளிப்பு.

அந்தப் பாட்டிலை முதல் நாள் குடித்தபோது தொண்டை எரிந்தது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்து, ஹீட்டருக்கு மேலே உள்ள அலமாரியில் வைத்திருந்தேன். அந்தப் பேச்சு, வீடுகளில் இப்படி ஹீட்டர் ஓடாத காலத்துப் பேச்சு. 12.90 யூரோவுக்குக் கறிக்குள் செருகுகிற வெப்பமானி ஒன்று வாங்கி, கிளாஸில் விட்டுப் பார்த்தேன்: 22.5 டிகிரி. லெம்பெர்கருக்கு 16 முதல் 18 வரை இருந்தால் போதும். பாட்டிலை ஃபிரிட்ஜில் படுக்க வைத்து நேரம் பார்த்தேன். அரை மணியில் 19 சொச்சம், 50 நிமிடத்தில் 17.8. எரிச்சல் போய்ப் பழ வாசனை முன்னால் வந்தது. எங்கள் கூடத்தில் கிளாஸில் ஊற்றிவிட்டால் அரை மணியில் 20-ஐத் தொட்டுவிடுகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலைப் பால்கனிக் கதவோரம் வைக்கிறேன். வெப்பமானியை விட்டுவிட்டால், செலவே இல்லாமல் நடந்த திருத்தம் இது.

இனி சாப்பாடு. முதலில் பாலாடைக்கட்டி, சமைக்க வேண்டியதில்லையே என்று. கமம்பேர் ஒன்று, ஆல்காய் மலைப்பகுதியின் முற்றிய பெர்க்கேஸெ 200 கிராம், இரண்டும் சேர்ந்து 7.39 யூரோ. கமம்பேரின் வெள்ளைத் தோலோடு ஒயின் சேர்ந்ததும் வாயில் சில்லறைக் காசை வைத்தது போல ஆனது. பெர்க்கேஸெ நன்றாகப் போனது. உப்பும் கொழுப்பும் உள்ள கெட்டியான கட்டி துவர்ப்பை மழுக்கிவிடுகிறது. ஆனால் தாத்தாவைக் கூப்பிட்டுப் பாலாடைக்கட்டியைத் தட்டில் வைத்து அனுப்பிவிட முடியாது.

அடுத்தது பருப்பு. இந்த ஊர்ப்பக்கத்து வீட்டுச் சாப்பாடு என்றால் மசூர் மாதிரியான சின்னப் பருப்பு, ஷ்பெட்ஸ்லெ என்கிற முட்டை நூடுல்ஸ், மெல்லிய சாசேஜ் ஒரு ஜோடி. ஸ்வேபிஷ் ஆல்ப் மலைமேல் விளையும் ஆல்ப்-லைசா பருப்பு அரைக் கிலோ 5.60 யூரோ. விலையைப் பார்த்ததும் மதுரைக் கணக்கு மனதில் ஓடியது, அதை நிறுத்த முடிவதில்லை. இந்தப் பருப்புக்கு ஒரு கதை உண்டு. அந்த மலையில் பருப்புச் சாகுபடி அடியோடு நின்றுபோய், பழைய உள்ளூர் ரகங்களின் விதையே இல்லாமல் போனது. கடைசியில் 2006-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாவிலோவ் நிறுவனத்து விதைக் களஞ்சியத்தில் அது கிடைத்தது. செடி தானாக நிமிர்ந்து நிற்காது, ஓட்ஸோ பார்லியோ கூட விதைத்து அதன்மேல் சாய்ந்து வளர விடுகிறார்கள்.

சரி, சமையல். 250 கிராம் பருப்பு, ஒரு வெங்காயம், ஒரு கேரட், புகைபோட்ட பன்றிக் கொழுப்பு 80 கிராம். ஊற வைக்கத் தேவையில்லை, 30 நிமிடத்தில் வெந்துவிட்டது. இறக்கும்போது வினிகர் ஊற்ற வேண்டும் என்று பாட்டி சொல்லியிருந்தார், எவ்வளவு என்று சொல்லவில்லை. கையளவாக மூன்று மேசைக்கரண்டி விட்டேன். பருப்பு பிரமாதம். ஒயினைக் குடித்தால் தண்ணீர் கலந்தது போலச் சப்பென்று இருந்தது. தட்டில் புளிப்பு கூடினால் கிளாஸில் உள்ள புளிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை. புளிக்குழம்புக்குப் பிறகு தயிர் இனிப்பது போலத்தான். மறுவாரம் பாக்கெட்டில் மிச்சமிருந்த பருப்பைச் சமைத்தபோது வினிகரை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, அதே ஒயினில் 60 மில்லியைக் கடைசிப் பத்து நிமிடம் கொதிக்க விட்டேன். ஒயின் எழுந்து நின்றது. நல்ல வீட்டுச் சாப்பாடு. ஆனாலும் விருந்துக்குப் பருப்பா என்று மனைவி முகத்தைச் சுளித்தாள்.

அப்புறம் செய்யக் கூடாதென்று தெரிந்தே செய்தது, மட்டன் சுக்கா. துருக்கிக் கறிக்கடையில் ஆட்டுத் தோள்கறி 800 கிராம், 13.52 யூரோ. பாதியை எங்கள் வீட்டுப் பக்குவத்தில், இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டுச் சுண்ட வறுத்தேன். ஒரு வாய் சுக்கா, ஒரு வாய் லெம்பெர்கர். எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டது போல இருந்தது. ஆல்கஹால் காரத்தைத் தூக்கிவிடும், காரம்பட்ட நாக்கில் துவர்ப்பு அரமாக உரசும். ஒயினை ஒதுக்கிவிட்டு மோர் குடித்தேன். சுக்கா மட்டும் அன்று தெய்வீகம்.

மீதிக் கறியை ஃபிரீசரில் வைத்திருந்து பத்து நாள் கழித்து எடுத்தேன். மிளகாய் கிடையாது. கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, சோம்பு ஒன்று, பூண்டு, கறிவேப்பிலை. தேங்காயைத் தவிர்த்தேன், அதில் இனிப்பு உண்டு. வெங்காயத்தையும் பாதியாக்கினேன். இந்தத் தடவை ஒயினில் இருந்த மிளகு வாசனையும் தட்டில் இருந்த மிளகும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஆனாலும் துவர்ப்பு கொஞ்சம் தூக்கலாகவே நின்றது. அதே கறிக்கு 6.20 யூரோ ட்ரோலிங்கர் ஒன்றைத் திறந்து 13 டிகிரியில் ஊற்றினேன். இதுவும் இந்த ஊர் ரகம்தான், வெளிறிய சிவப்பு, துவர்ப்பு குறைவு. அது இன்னும் பொருத்தம். மிளகுக் கறி சமைக்கிற தமிழர் யாராவது இங்கே இருந்தால், இனிப்பில்லாத ட்ரோலிங்கரைக் குளிர வைத்துக் குடித்துப் பாருங்கள். எனக்கு வேண்டியது லெம்பெர்கர், அதனால் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் கடைசியில் தாத்தா எங்களை ஒரு பேஸனுக்குக் கூட்டிப்போனார். பேஸன் என்றால் துடைப்பம். திராட்சை விவசாயி தன் வீட்டிலேயே மேசை போட்டுத் தன் ஒயினை விற்கும் இடம், வாசலில் துடைப்பம் கட்டியிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் நடத்தக் கூடாது, நாற்பது இருக்கைக்கு மேல் போடக் கூடாது. தோள் இடிக்க உட்கார்ந்து, கைப்பிடி வைத்த கால் லிட்டர் கிளாஸில் குடிக்கிறார்கள். நான் ஒயினைவிட்டுப் பக்கத்துத் தட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புளித்த முட்டைக்கோஸோடு பன்றிக்கறி, சாற்றில் மிதக்கும் மௌல்டாஷன் என்கிற பூரணம் வைத்த மாவுப் பொட்டலம், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி. உப்பு இருந்தது, கொழுப்பு இருந்தது. சிவப்பு ஒயின் இருந்த மேசைகளில் இனிப்பான பண்டம் ஒன்றுகூட இல்லை. அங்கே பாட்டியிடம் நேரே கேட்டுவிட்டேன், அவர் வீட்டில் விசேஷத்துக்கு என்ன செய்வார் என்று. ட்ஸ்வீபல்ரோஸ்ட்பிராட்டன் என்றார். மாட்டு முதுகுக்கறித் துண்டை வறுத்து, மேலே வெங்காயம் போட்டு, ஒயின் விட்ட சாற்றோடு தருவது.

முதல் முயற்சி டிசம்பரில். கறி 220 கிராமில் இரண்டு துண்டு, கிலோ 36.90 யூரோ, மொத்தம் 16.24. என்னிடம் பத்து வருஷமாக எண்ணெய் ஏறிய இரும்பு வாணலி இருக்கிறது. அதைவிடக் கறி வறுக்க எது வேண்டும்? கறி நன்றாகவே வந்தது. கறியை எடுத்துவிட்டு, அதே வாணலியில் 200 மில்லி ஒயினை ஊற்றி, கால் பங்காகச் சுண்டும்வரை கொதிக்க விட்டேன். பத்து நிமிடத்தில் சாறு கறுத்து, சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. ருசித்தால் துருப்பிடித்த ஆணி. ஒயினின் புளிப்பு வாணலியின் பூச்சை உரித்து இரும்பைத் தின்றிருக்கிறது. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைக்காதே என்று அம்மா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒயினும் புளிதானே என்று தோன்றவே இல்லை.

அன்றைக்கே இன்னொரு தப்பும். வெங்காயத்தை 40 நிமிடம் மெல்லிய தீயில் வதக்கிப் பழுப்பாக்கி, ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் போட்டேன். அல்வாப் பதம். தனியாகத் தின்றால் அமிர்தம், கறியோடு ஒரு வாய் தின்று ஒயினைக் குடித்தால் ஒயின் பச்சை மாங்காயாகிவிட்டது. முதல் பாட்டில் ஏன் கேக்கோடு போகும், இது ஏன் போகாது என்பது அங்கேதான் விளங்கியது. தட்டில் இனிப்பு ஏறினால், இனிப்பில்லாத ஒயினில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும்தான் மிஞ்சும். இத்தனை நாள் நான் எந்தப் பண்டம் பொருந்தும் என்று பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். பருப்பைக் காப்பாற்றியது வினிகரின் அளவு, சுக்காவைக் காப்பாற்றியது மிளகாயை எடுத்தது. இங்கே திருத்த வேண்டியது வெங்காயத்தை.

இரண்டாவது முயற்சி பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை. மறுபடி 16.24 யூரோ. எவர்சில்வர் வாணலி. வெங்காயத்தை வதக்காமல் பொரித்தேன்: 350 கிராமை வெட்டுப்பலகையில் 2 மில்லிமீட்டருக்குச் சீவி, ஒரு கரண்டி மைதா, அரைக் கரண்டி காரமில்லாத பாப்ரிகா தூள் தூவிப் பிசறி, எண்ணெயை 165 டிகிரியில் பிடித்துவைத்து மூன்று தவணையாகப் போட்டேன். பக்கோடாவின் தம்பி. இனிப்பு அடங்கி லேசான கசப்பு மட்டும் நின்றது, ஒயின் அதோடு சண்டை போடவில்லை.

பெருமை தலைக்கேறி, அன்றைக்கு 19 யூரோ கொடுத்துச் சிறு ஓக் பீப்பாயில் வைத்த லெம்பெர்கர் ஒன்றைத் திறந்தேன். ஆல்கஹால் 13.5, சர்க்கரை லிட்டருக்கு 0.6 கிராம், எலும்பு போல வறட்சி. ஊற்றிய உடனே குடித்தால் வாய் பூட்டிக்கொண்டது. கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி ஒன்றரை மணி நேரம் விட்ட பிறகுதான் கொஞ்சம் இளகியது. அதற்குள் கறி ஆறி, சாப்பாடு முடிந்து, மகள் தூங்கப் போய்விட்டாள். இதை மதியமே திறந்திருக்க வேண்டும். சாற்றையும் ஒரேயடியாகச் சுண்டவிட்டேன். 150 மில்லி நாலு கரண்டியானபோது துவர்ப்பும் சேர்ந்து சுண்டி மருந்தானது. 250 மில்லி எலும்புச் சாறும் 25 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் அடித்துக் கலந்த பிறகுதான் வழிக்கு வந்தது. பாதி சுண்டினால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

கூடவே ஷ்பெட்ஸ்லெ. 400 கிராம் மாவு, 4 முட்டை, 180 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. மரக்கரண்டியால் குமிழி வெடிக்கும்வரை அடிக்க வேண்டும். மாவைக் கொதிக்கிற தண்ணீரில் இழையாக விட வேண்டுமாம். அட, முறுக்கு உரல் எதற்கு இருக்கிறது? ஓமப்பொடி அச்சைப் போட்டு அழுத்தினேன். மாவு நம் முறுக்கு மாவைவிட நெகிழ்வு. கீழே இறங்கியது பாதி, பிடியின் ஓரமாக மேலேறி என் முழங்கை வரை வழிந்தது பாதி. மகளுக்கு அன்று அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. 11.50 யூரோவுக்குத் துளைத் தகட்டின்மேல் சின்னப் பெட்டி ஓடுகிற சாதனம் ஒன்றை வாங்கிவிட்டேன். முன்னும் பின்னும் தள்ளினால் சொட்டுச் சொட்டாக விழும். மிதந்து மேலே வந்ததும் அரித்து எடுத்து வெண்ணெயில் ஒரு புரட்டு. முறுக்கு உரலைத் துளை துளையாக ஊசியால் குத்திச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது.

அதற்கு மறுவாரம், போன சனிக்கிழமை. கறி நாலு துண்டு, 880 கிராம், 32.47 யூரோ. மகள் தனக்கு ஷ்பெட்ஸ்லெயும் சாறும் போதும் என்றாள். நேரக் கணக்கைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நாலரைக்கு எலும்புச் சாறு அடுப்பில். ஐந்தரைக்குக் கறி வெளியே. ஆறுக்குப் பரிசுப் பாட்டில் ஃபிரிட்ஜில். சாற்றுக்குப் பரிசு ஒயினைத் தொடவில்லை, 8.50 பாட்டிலில் 300 மில்லி. கறியின் கொழுப்பு விளிம்பை மூன்று இடத்தில் கீறினேன், இல்லாவிட்டால் சுருண்டு குவிந்துவிடும். காகிதத்தால் ஈரம் ஒற்றி, உப்பு, மிளகு. வாணலியில் புட்டர்ஷ்மால்ட்ஸ், கிட்டத்தட்ட நம் நெய்தான். பக்கத்துக்கு இரண்டு நிமிடம், நடுவில் வெப்பமானி 55 காட்டியதும் எடுத்துத் தட்டால் மூடி ஐந்து நிமிடம்.

கார்க்கைத் திருகினால் பாதியில் உடைந்தது. மீதியைத் தாத்தா என்னைத் தள்ளிவிட்டு, திருகியைச் சாய்வாகச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். நான் பழகியதெல்லாம் இளம் ஒயின், இது அத்தனை வருஷம் பாட்டிலில் கிடந்தது. 2018 இங்கே வெயில் கொளுத்திய வருஷம். “மழையே இல்லை. செப்டம்பரிலேயே வெட்டிவிட்டோம்” என்றார். துவர்ப்பு உருண்டு மழுங்கியிருந்தது, புளிப்பும் மென்மை, காய்ந்த பிளம்ஸ் வாசனை. நான் கரடுமுரடான ஒயினுக்காகத் திட்டம் போட்டு வெண்ணெயை 40 கிராமாகக் கூட்டியிருந்தேன். முதல் வாயில் சாறு ஒயினை அமுக்கியது, எனக்கே தெரிந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் மிளகு அரைக்கும் குப்பியை எடுத்து வந்து தன் தட்டில் நாலு சுற்றுச் சுற்றினார். நானும் சுற்றினேன். வெண்ணெய் பின்னால் போய் ஒயின் முன்னால் வந்தது. அதற்கப்புறம்தான் அந்த ரொட்டித் துண்டு.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். பாட்டில் ஏழும் 63.99: இனிப்பு ஒன்று, 8.50-இல் நாலு, பீப்பாய் ஒன்று, ட்ரோலிங்கர் ஒன்று. வெப்பமானியும் ஷ்பெட்ஸ்லெ சாதனமும் 24.40. கறி, பருப்பு, சாசேஜ், பாலாடைக்கட்டி எல்லாம் 95.66. ஆக 184 யூரோ 5 சென்ட். வெங்காயம், மாவு, எலும்பு கணக்கில் இல்லை. இரும்பு வாணலியைத் தேய்த்து, எண்ணெய் பூசி, ஓவனில் மூன்று தடவை சுட்டு மீட்டுவிட்டேன்.

அடுத்த தடவை பழைய பாட்டிலாக இருந்தால் சாறு வைப்பதற்கு முன்பே திறந்து ஒரு வாய் ருசித்துவிட்டு, வெண்ணெயை அதற்கேற்பக் கடைசியில் போடுவேன். வெங்காயத்தை 3 மில்லிமீட்டராகச் சீவ வேண்டும், 2 மில்லிமீட்டர் சாறு பட்டதும் துவண்டுவிடுகிறது. சுக்காவில் வீணாக்காமல் இருந்திருந்தால், 8.50 ஒயினில் ஒரு பாட்டில் குறைவாகவே வாங்கியிருக்கலாம். மான்கறியை இன்னும் தொடவில்லை. தாத்தாவுக்கு வேட்டைக்காரர் ஒருவரைத் தெரியுமாம்.

கிளம்பும்போது வாசலில் நின்று என் இடது கை விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தழும்பு மட்டும் இருந்தது. இந்த வருஷ அறுவடைக்கு என் பெயரை எழுதிக்கொண்டாராம், கூலி இரண்டு பாட்டில்.